நிலுவையில் உள்ளவை

வியாழன்தோறும் ஏழரைக்கு மணி அடிக்க வேண்டும்.
ஏழே முக்காலுக்கு அடிப்போம்.
செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே
உடுப்பி ஓட்டலின் மாடி,
கீழிருந்து ஏறிவரும் சாம்பார் வாசனைதான்
எங்கள் சேவா மன்றத்தின் பிரார்த்தனை கீதம்.

தாமதத்துக்குப் பத்து ரூபாய்.
பேட்ஜ் குத்தாவிட்டால் ஐந்து.
பொருளாளர் டோலக்கியா
போர்ன்விட்டா டப்பாவைக் குலுக்கிக்கொண்டே வருவார்,
உண்டியலுக்குக்கூட இல்லாத கண்டிப்போடு.

நான் செயலாளர்.
அவர்கள் பேசுவது மராத்தி, இந்தி, குஜராத்தி.
நான் எழுதுவது ஆங்கிலம்.
ஓரத்தில், எனக்கு மட்டும், தமிழ்:
'தலைவர் பெட்னேகர் மறுபடியும் அதே ஜோக்.'
இரண்டு வருடமாக அதற்குக் கீழே
'மேற்படி' போட்டு வருகிறேன்.

ஜூனில் கோவண்டியில் கண் முகாம்.
பைங்கன்வாடியில் ஒரு பள்ளிக்கூட அறை,
கரும்பலகைமேல் அட்டை.
எழுத்து வேண்டாம் அம்மா,
இந்த மூன்று கோடும் எந்தப் பக்கம் பார்க்கிறது,
விரலால் காட்டினால் போதும்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் காட்டினார்கள்.
பாவ் தீர்ந்து டிமெல்லோ
இரண்டாம் தடவை பேக்கரிக்கு ஓடினார்.
நாற்பத்தொரு கண்ணாடிக்கு ஆர்டர்.

நாற்பது பேர் வந்து வாங்கிப் போனார்கள்.
பதினேழாம் எண் வரவில்லை.
ஷமீம் பானு, நாற்பத்தாறு, ஜரிகை வேலை.
கொடுத்திருந்த போன் நம்பரில்
ஓர் இலக்கம் குறைவு.

அன்றிலிருந்து குறிப்பேட்டில்
நிலுவையில் உள்ளவை:
ஒன்று, ரத்ததான முகாமின் பந்தல் பாக்கி.
இரண்டு, சக்கர நாற்காலி. நாற்காலி வந்தது, சக்கரம் வரவில்லை.
மூன்று, பதினேழு.

"சத்ரா நம்பர்?" என்பார் பெட்னேகர் வாராவாரம்.
குறைந்த இலக்கம் கடைசியில் என்று வைத்துக்கொண்டு
பூஜ்யம் முதல் ஒன்பதுவரை அழைத்துப் பார்த்தேன்.
ஏழு எண் உபயோகத்தில் இல்லை.
ஒருவர் தானேயில் பல் டாக்டர்.
ஒருவர் திட்டினார்.
ஒரு பையன் "அம்மாவா?" என்றான்.
இல்லை என்ற பிறகும்
கொஞ்ச நேரம் வைக்காமலே இருந்தான்.

ஆகஸ்டில் மழை. வருகை எட்டு.
சென்ற கூட்டத்துக் குறிப்பை வாசிக்கக்
கையை நீட்டினேன், இன்னும் நீட்டினேன்,
தாள் டோலக்கியாவின் மூக்கருகே போய் நின்றது.
"கை பற்றவில்லை, பென்" என்றார்.
பையில் பதினேழு இருந்தது.
போட்டேன்.
என் கையெழுத்து இத்தனை கோணல் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு ஐந்து வாரம்
மூன்றாம் நிலுவையை மூக்கின்மேல் வைத்துக்கொண்டே
'மூன்று, பதினேழு' என்று வாசித்தேன்.
யாரும் அபராதம் கேட்கவில்லை.

செப்டம்பரில் அவள் மாடியேறி வந்தாள்.
வாசலில் செருப்பை விட்டாள்,
நாங்கள் யாரும் விட்டதில்லை.
விரல்நுனி எல்லாம் ஊசிப் புள்ளி.
ரசீதை நான்காக மடித்து
பாலிதீன் உறைக்குள் வைத்திருந்தாள்.
கல்யாண சீசன் ஆர்டர், என்றாள்.
பகல் வெளிச்சம் வேலைக்கே போய்விடும்.
இருட்டிய பிறகு வந்தால்
பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது.

கழற்றினேன். முந்தானையில் துடைத்தேன்.
துடைக்க ஒன்றும் இல்லை,
இன்னொரு தடவை துடைத்தேன்.

போட்டுக்கொண்டவள்
எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
என் முந்தானையைப் பிடித்துத் திருப்பினாள்.
"மிஷின் வேலை. கைவேலை என்று சொல்லி விற்றிருப்பானே?"
விற்றிருந்தான். தாதரில், இரண்டாயிரத்து முந்நூறுக்கு.

பெட்னேகர் எதற்கென்று தெரியாமல் மணியை அடித்தார்.
நான் டப்பாவில் ஐம்பது ரூபாய் போட்டேன்.
டோலக்கியா சில்லறை எண்ணுவதுபோல்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குறிப்பேட்டில் மூன்றாவதை அடித்தேன்.
கோடு எந்த வரிமேல் விழுந்ததென்று
சரியாகத் தெரியவில்லை.
சக்கரம் இன்னும் வரவில்லை.