அரைக் கட்டை

ஆர்ஹுஸில் பிப்ரவரி.
படியிறங்கும்போதே கோட்டிலிருந்து பனிக்கூழ் சொட்டுகிறது.
நிலவறையில் முப்பது நாற்காலி, பதினெட்டுப் பேர்,
சீட்டுக் கிழிப்பவரையும் சேர்த்து.

எனக்குக் கிடைத்தது டபுள் பாஸுக்குப் பக்கத்து மேசை.
"இங்கே பியானோ சரியாகக் கேட்காதே"
என்றான் ஏஸ்கில், பியரை வைத்தபடி.
பரவாயில்லை.
பாஸைக் காதால் மட்டும் கேட்பதில்லை நான்.
மேசைமேல் முழங்கையை வைத்தால் போதும்,
எலும்பு கேட்டுக்கொள்ளும்.

அவள் ஹெல்விக்.
தபாலாபீசில் பார்சல் எடைபோடுகிறவள்போல்
முகத்தில் ஒன்றுமில்லை.
அவன் தோர்கில்.
குடித்துவிட்ட மைத்துனனைத் தோளில் சாய்த்து
வீடு சேர்க்கிறவன்போல்
அந்த வாத்தியத்தோடு நின்றான்.

மூன்றாவது பாட்டில் தெரிந்தது:
நடுவுக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைக் கட்டை
அமுங்கினது அமுங்கினதுதான்.
இருட்டில் இறங்கும் கால்
இல்லாத படியைத் தேடுமே,
அப்படி ஒரு துணுக்குறல் அறை முழுக்க.

அவள் நிமிரவில்லை.
அதே வரியை மறுபடி தொடங்கினாள்.
அதே பள்ளம் வந்தது.
தோர்கில் இடக்கையை வெகு கீழே இறக்கி
ஒரே ஒரு தந்தியைச் சுண்டினான்:
அவளுடைய ஸ்வரம்தான்,
மர வாசனையோடு.

யாரோ "ஹா" என்றார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

அப்புறம் அது விளையாட்டாகிவிட்டது.
வேண்டுமென்றே அந்தப் பக்கம் போவாள்,
வருவதுபோல் வந்து வராமல் திரும்புவாள்;
இவன் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான்.
ஒருமுறை முந்திவிட்டான்.
ஒருமுறை மறந்தேபோனான்,
அந்த ஓட்டை வழியே
ஏஸ்கில் கரண்டி கழுவுவது கேட்டது.
அதுவும் தாளத்தில்தான்.

இடைவேளையில் டார்ச்சோடு ஒருவர் வந்தார்.
பியானோவுக்குள் தலையை விட்டுத் துழாவி
ஒரு பென்சில் துண்டை எடுத்துக் காட்டினார்.
கட்டை எழும்பியது.
கைதட்டினோம், அரைமனதாக.

இரண்டாம் பகுதியில் ஒரு மெதுவான பாட்டு.
விளக்கைக் குறைத்திருந்தார்கள்.
அந்த இடம் வந்தது.
அவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று
அவள் விரலை உயரத்திலேயே நிறுத்தினாள்.
இப்போதுதான் ஒலிக்குமே, அவளே வாசிக்கட்டும் என்று
அவன் கையைத் தந்திமேல் பொத்தினான்.

என் முழங்கைக்கடியில் மேசை
வெறும் மேசையாகக் கிடந்தது.

பின்வரிசையில் டார்ச்சுக்காரர்,
தாங்க முடியாமல்,
அந்த ஸ்வரத்தைப் பாடிவிட்டார்,
அரைக் கட்டை இறங்கி.

பார்சல் பிரிந்தது.
பல் தெரியச் சிரித்துக்கொண்டே
அவர் இறங்கிய சுருதிக்குப்
பாட்டையே இறக்கினாள் ஹெல்விக்.
தோர்கில் வழி தேடிக்கொண்டு
பின்னாலேயே வந்தான்.