மூன்று முறை தும்மியது

மழை பெய்தால் மாலையில் பூசணி மாவைத் தட்டிப்
பொரித்தே ஆகவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.
வால்டிவியாவுக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே
அதைத் திருத்த வேண்டியதாயிற்று:
செவ்வாய், வெள்ளி பெய்வது மட்டுமே மழை.
மற்ற நாள் பெய்வதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.
எதிர்த்து ஓட்டுப் போட்டது யாஸ்னா மட்டும்.
எண்ணெய் வாங்குவதும் அவள்தான்.

ஏழு மணிக்கு ரொட்டி, தேநீர், மசித்த வெண்ணெய்ப்பழம்.
ஏழரைக்கு அதே மேசையின் மறுகோடியில்
மூடியில்லாத கணினி.
மூடி இருக்கிறது, கட்டிலுக்கு அடியில், பதினோரு வருடமாக.
திருகாணி போட்டு மூடுவது
வேலை முடிந்துவிட்டது என்று நம்புகிறவர்களுக்கு.

பொத்தானை யார் அழுத்துவது என்பதற்கு முறை உண்டு.
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத் தவளை
யார் பெயருக்கு நேரே உட்கார்ந்திருக்கிறதோ, அவர்.
அழுத்தியதும் ஒற்றை பீப்.
உடனே எல்லோரும் சேர்ந்து "சலூத்" என்போம்,
தும்மியவரிடம் சொல்வது போல.
விருந்தாளிக்கும் விலக்கில்லை.
என் மைத்துனன் ஒருவன்தான்
அதற்குத் தொப்பியையும் கழற்றுவான்.

அந்தப் புதன்கிழமை தவளை ராயேன் பெயரில் இருந்தது.
"நீயே அழுத்து" என்று அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தாள்.
எட்டு வயதில் யார் முறையை விட்டுக்கொடுக்கிறார்கள்?
எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

பீப். பீப். பீப்.
திரை கறுப்பு.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
மூன்று தும்மலுக்கு எங்களிடம் வார்த்தை இல்லை.

மூன்று என்றால் நினைவகம். அது தெரியும்.
நான்கு பள்ளங்களில் ஒரே ஒரு பட்டை நின்றது.
இரண்டு இருந்தனவா?
ஒன்றைக் கழற்றி, பஸ் நிலையத்தில்
பக்கத்துக் கவுன்டர் ஒஸ்வால்தோவுக்குக் கொடுத்தேனா?
கொடுத்திருப்பேன். என் கை அப்படி.
கணினிக்கா எனக்கா, யாருக்கு நினைவு போயிற்று
என்று மூன்று இரவு
விறகடுப்பின் பக்கத்தில், காயும் காலுறைகளுக்குக் கீழே
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.
அலிரோ கொட்டாவி விட்டபடி
"புதுசு வாங்குங்களேன் அப்பா" என்றான்.
அந்தச் சொல்லை இந்த வீட்டில் மெதுவாகச் சொல்ல வேண்டும்.
கணினிக்குக் காது உண்டு.

சனிக்கிழமை ஒரு திருகாணி உருண்டு
ராயேன் கட்டிலுக்கு அடியில் போயிற்று.
பின்னாலேயே நானும் தவழ்ந்தேன்.

அங்கே ஓர் ஊர்.
செருப்புப் பெட்டி வீடுகள். நீல நூலில் ஆறு.
கரையில் துணிக்கிளிப்புகள் வரிசையில் நிற்கின்றன,
நான் கிழித்துத் தரும் சீட்டின் துண்டு
ஒவ்வொன்றின் வாயிலும்.
இரு கரைக்கும் குறுக்கே
பச்சை உடம்பு, தங்கப் பல்வரிசை:
என் பட்டை.
அதன் மேல் பாதி வழியில் ஒரு தீப்பெட்டிப் பஸ்.

பஸ்ஸைத் தூக்கி வைத்துவிட்டுப் பாலத்தை எடுக்கலாம்.
இருபது வருடமாகச் சீட்டுக் கொடுப்பவன் நான்.
ஏறி உட்கார்ந்த பயணியை
ஆற்றின் நடுவில் இறக்கிவிட்டது கிடையாது.

எழுந்து வந்தேன்.
மிச்சமிருந்த பட்டையை முதல் பள்ளத்துக்கு மாற்றினேன்.
ஒற்றை பீப்.
"சலூத்!"
எல்லோரையும் விட உரக்கக் கத்தியது ராயேன்தான்.

இப்போது கணினி பாதி நினைவில் ஓடுகிறது.
அது விழித்தெழுவதற்குள்
இரண்டாவது தேநீர் குடித்து முடிக்கலாம்.
குடிக்கிறோம். அதுவும் இப்போது சட்டம்.
சம்பளம் வரட்டும் என்று அலிரோவிடம் சொல்லியிருக்கிறேன்,
எந்த மாதம் என்று சொல்லவில்லை.

நேற்றிரவு அலமாரியில்
கருகிப்போன ஒலி அட்டை ஒன்று கிடைத்தது.
எல்லோரும் தூங்கிய பிறகு
ஆற்றின் அக்கரையில் அதை வைத்தேன்.
பஸ் நிற்க ஓர் இடம் வேண்டுமே.

காலையில் ஃபிரிட்ஜைத் திறக்கப் போனால்
தவளை என் பெயரில்.
இன்று யாஸ்னாவின் முறை.
அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்,
ராயேன் பால் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

நானும் நகர்த்தி வைக்கவில்லை.
வெளியே பெய்துகொண்டிருந்தது,
வியாழக்கிழமை, ஆகவே மழை இல்லை.