ஏட்டில் இல்லாத வயல்

டூகல்டுக்கு விஸ்கி பிடிக்காது.
ஐலா தீவில் இதை வாய்விட்டுச் சொல்ல
ஐம்பத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது.
ஆஸ்பத்திரி தீப்பிடித்த வாடை என்பான்.
சாவு வீடுகளில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு
சன்னலோரச் செடிக்கு ஊற்றிவிடுவான்.
அந்தச் செடிகள் கொழுத்தது தனிக்கதை.

விதைப்பதோ பார்லி.
வடிசாலை வாங்கும், காசோலை வரும்,
அத்தோடு சரி உறவு.

பிப்ரவரி. பக்கவாட்டில் பெய்யும் மழை.
டிராக்டர் பெல்ட் கடன் கேட்கப் போனவனைக்
கிடங்குக்குள் இழுத்தாள் ஊனா.
"உன் பார்லிக்குப் பத்து வயசு ஆச்சு, வந்து பாரு."

மண்தரை.
இருட்டுக்குக் கண் பழகுமுன்
மூக்கு பழகிவிட்டது.
பால் கறந்த பின் மாடுகள் போல
மூன்றடுக்காய்ப் படுத்திருந்தன பீப்பாய்கள்.
சுவருக்கு அந்தப் பக்கம் கடல்
கல்லை நக்கிக்கொண்டிருந்தது.

சுத்தியால் தட்டி அடைப்பைக் கழற்றி
செம்புக் குழாயை இறக்கி
கட்டைவிரலால் மேல்வாய் மூடி எடுத்தாள்.
குவளையில் விழுந்தது
வைக்கோல் நிறத்தில் இரண்டு விரற்கடை.

முதல் மடக்கு: இருமல்.
"சொன்னேன்ல," என்றான் கண்ணீரோடு.
அவள் பதில் சொல்லாமல்
ஒரு மூடியில் பிடித்த தண்ணீரை
விரலால் தொட்டுச் சொட்டினாள்.
மூன்று சொட்டு.
குவளைக்குள் எண்ணெய்க்கோடு ஒன்று
நெளிந்து, சோம்பல் முறித்து,
கரைந்தது.

இரண்டாம் மடக்குக்கு அவன் அவசரப்படவில்லை.

சுவை ஆறு என்று எண்ணி வைத்திருக்கிறோம் நாம்.
புகை எதில் சேரும்?
நனைந்த தார்ப்பாய்?
இனிப்பை முன்னே போகவிட்டு
நாக்கின் ஓரமாய்ப் பின்னால் வந்து நின்ற உப்பு,
அதற்கென்ன பெயர்?
தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று ஒரு பழஞ்சொல் உண்டு.
தெளிந்தது கள்ளா, குடித்தவனா என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

டூகல்டுக்குச் சொல் கிடைத்துவிட்டது.
"கீழ்வயல்."

பிறகு நிறுத்த முடியவில்லை.
"அந்த வருசம் காட்டு வாத்துங்க
பதினெட்டு நாள் முன்னாடியே வந்துருச்சு.
பாதிக் கதிரு அதுங்களுக்கு. மீதிய மழையிலதான் அறுத்தேன்.
வாய்க்கால் தகராறுல ஆர்ச்சியோட பேச்சு நின்னதும்
அந்த வருசம்தான்.
எல்லாம் இருக்கு இதுல.
மேல்வயலுக்கு உப்புக்காத்து ஏறாது, ஊனா.
இது கீழ்வயல்தான்."

ஆடு விற்ற அன்றுகூட
இவ்வளவு பேசியவனில்லை.

ஒரு புட்டி நிரப்பி வாங்கிக்கொண்டு போனான்.
விற்றதை எழுத ஏட்டைத் திறந்தாள்.
பீப்பாய் நானூற்றுப் பதினேழு.
பார்லி: கப்பலில் வந்தது, பெருநிலத்துச் சரக்கு.
ஓரத்தில், வேறு யாருடைய கையெழுத்திலோ:
டூகல்ட் மூட்டைகள் ஈரம். திருப்பியாச்சு.

கதவு வரை ஓடினாள்.
மழையில் வண்டியின் பின்விளக்கு, சிவப்பாய், சின்னதாய்.
திரும்பி வந்து சுவரைத் தொட்டாள். ஈரம்.
விரலை நக்கிப் பார்த்தாள்.
எங்கோ விளைந்த தானியம்
பத்து வருடம் மரத்தின் வழியாக
இந்தக் காற்றையே இழுத்து இழுத்துக் கிடந்தது.
அதைப் போய் வெளியூர்ச் சரக்கு என்று எப்படிச் சொல்வது?
ஏட்டை மூடினாள்.
பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.

இரவு, ஆட்டு மருந்துப் புட்டிகளை ஒதுக்கி
மேசையில் இடம் பண்ணினான்.
மார்சாலி ஒரு வாய் உறிஞ்சினாள்.
கண்ணை மூடினாள்.
"பேரிக்காய்."

"பேரிக்காயா?"

"நல்லாப் பழுத்தது."

"வயலு தெரியலையா? வாத்து?"

"வாத்தெல்லாம் இல்ல."

நிரூபிக்க வேண்டி இன்னொன்று ஊற்றினான்.
உறுதிப்படுத்த வேண்டி அவளும் குடித்தாள்.
பன்னிரண்டு மணிக்கு
கொஞ்சம் வாத்து இருக்கலாம் என்று அவளும்
காம்போரத்தில் பேரிக்காய் உண்டு என்று அவனும்
ஒப்புக்கொண்டார்கள்.

பெல்ட் வாங்காமல் வந்தது
மறுநாள் டிராக்டரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான்
ஞாபகம் வந்தது.