எழுபத்தாறு

பீன்யாவில் மழை என்றால்
முதலில் நனைவது எங்கள் சர்வர்.
ஒன்பதரைக்கு விரல் வைத்து உள்ளே வந்தவன்
பதினொன்று பத்து வரை
திரையில் ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்திருந்தேன்.
மூன்றாம் எண் ஜன்னலுக்கு வெளியே
மடக்கிய குடைகளோடு வரிசை
படிக்கட்டு இறங்கி டீக்கடை வரை.

வேலை போனவர்க்குப் பாதிச் சம்பளம்,
தொண்ணூறு நாள்,
ஆயுளில் ஒரு தடவை.
இதைக் கன்னடத்தில் சொல்வேன், இந்தியில் சொல்வேன்,
ஒடிசாப் பையன்களுக்கு விரல் விட்டுக் காட்டுவேன்.
தமிழில் சொல்ல நேர்ந்தால் மட்டும்
குரல் இறங்கிவிடுகிறது,
கடன் கேட்டு வந்தவன் நானே என்பதுபோல்.

அவளும் கன்னடத்தில்தான் பேசினாள்.
கடைசி மாதம் எத்தனை நாள் வந்தாய் என்றேன்.
தலை குனிந்து
விரல்கணுக்களில் கட்டைவிரலை நகர்த்தி
உதட்டுக்குள்
பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது.
எந்த மொழியில் பிழைத்தாலும்
ஆள் எண்ணுவது ஒரு மொழியில்தான்.

"தமிழா?"
"ஸ்ரீராம்புரம்" என்றாள்.
அதற்குமேல் என்ன பதில் வேண்டும்.

அட்டையில் தேவயானி.
ஆதாரில் தெய்வானை.
பெயர் ஏற்றிய எச்.ஆர். பையனுக்கு
வாயில் நுழைந்தது அதுதானாம்.
"ரெண்டும் ஒரே ஆள்தான்னு எழுதி
நோட்டரி கையெழுத்து வாங்கிட்டு வரணும்மா."
"ரெண்டு ஆளா இருந்திருந்தா
ரெண்டு சம்பளம் வந்திருக்குமே சார்."
நாலாம் ஜன்னல் ஹனுமக்கா
புரியாமலே சிரித்தாள்.

வெளியேறிய காரணம் என்ற கட்டத்தில்
கம்பெனி எழுதியிருந்தது: சுயவிருப்பம்.
படித்துக் காட்டினேன்.
"கேட்டைப் பூட்டினது
யார் விருப்பம்னு எழுதியிருக்கா?"

அதற்குக் கட்டம் இல்லை.
ஆனால் வழி இருக்கிறது.
பெயருக்கு ஒரு பிரமாணப் பத்திரம்,
காரணத்துக்கு ஒரு விசாரணைக் கடிதம்.
எழுத்தோடு மல்லுக்கட்டலாம்,
பழகிய வேலை.
எண்ணோடு முடியாது.

வேண்டியது எழுபத்தெட்டு நாள்.
திரை சொல்வது எழுபத்தாறு.

மறுபடி எண்ணினாள். இந்த முறை சத்தமாக.
பிறகு,
"அந்த ரெண்டு நாள் கரண்ட் இல்ல சார்.
வந்தோம். மிஷின் முன்னாடியே உட்காந்திருந்தோம்.
ஆறு மணிக்குத்தான் அனுப்பினாங்க.
மிஷின் ஓடலைன்னா
நாங்க வரலைன்னு அர்த்தமா?"

என் திரையின் ஓரத்தில்
அந்த வட்டம் இன்னும் ஒருமுறை சுற்றி நின்றது.
காலையில் அதைப் பார்த்திருந்த நேரத்துக்கும்
எனக்குச் சம்பளம் உண்டு.
சொல்லவில்லை.
"எழுதிப் பார்க்கிறேன்" என்றேன்,
வரிசையில் எல்லோரிடமும் சொல்வது.

காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டியவள்
போகாமல் என் கழுத்தையே பார்த்தாள்.
"இடதுபக்கக் காலர், உள்ளே நூல் விட்டிருக்கு.
ஒம்பது வருஷம் நான் தச்சது அது ஒண்ணுதான்.
இது எங்க லைன் கிடையாது" என்றாள்
கொஞ்சம் கர்வமாக,
முதல் முறையாக நேராக நின்று.

சாயங்காலம் கம்பெனிக்கு ஒரு கடிதம்:
வருகைப் பதிவேட்டை அனுப்புக.
மின்சார அலுவலகத்துக்கு இன்னொன்று:
கீழ்க்கண்ட தெருவில்
மின்சாரம் நின்ற தேதிகளைத் தெரிவிக்கவும்.
இரண்டாவதற்கு எந்த விதியும் இல்லை.
எந்த விதிப்படி என்ற இடத்தில்
ஒரு கோடு போட்டு விட்டேன்.
மேலாளர் தாரகேஷ்வர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்,
"இதெல்லாம் எதுக்கு?" என்றார்,
கையெழுத்தும் போட்டார்.
பதில் வரலாம். வராமலும் போகலாம்.
வந்தாலும் திரை அதை நாளாக எண்ணுமா, தெரியாது.

விரல் வைத்து வெளியேறினேன்.
இன்று எனக்கு முழு நாள்.

மெட்ரோவில் கம்பியைப் பிடித்தபடி
காலருக்குள் விரல் விட்டுப் பார்த்தேன்.
இருக்கிறது, ஒரு அங்குலம்.
இழுக்கவில்லை.
இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்று
ஸ்ரீராம்புரத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.