வயர் போகும் ஓட்டை

மூன்று மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தது படத்தில்.
சிம்பின் அகலம்.
எல்லாச் சிம்பும் அதே அகலம்.
சுண்டுவிரல் நகத்தில் பாதியென்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
கத்தியை எடுத்தேன்.
மூங்கிலோ
கணுவுக்குக் கணு எண்ணத்தை மாற்றும் சாதி.

ருஸ்னா காத்தான்குடிக்காரி. மொறட்டுவையில் டிசைன் படித்தவள்.
முதல்நாள் பாதையில் ஏறி மண்டூருக்கு வந்து இறங்கி
மீன்கூட்டைத் தலைகீழாய்ப் பிடித்து
வெயிலில் சுற்றினாள்.
முற்றமெல்லாம் வரிவரியாய் நிழல்.
"அக்கா, இதுக்குள்ள ஒரு பல்ப் போட்டா?"
பல்ப் தானாய் நீந்தி வருமா,
இரை வைக்க வேணுமா என்று கேட்டேன்.

சண்டை வந்தது உள்நாக்கில்.
வாயிலிருந்து உள்ளே குவிந்து போகும் கூம்பு அது.
வரும் மீனுக்கு வளைந்து கொடுக்கும்,
திரும்பும் மீனுக்கு முள்ளாய் நிற்கும்.
கூட்டின் புத்தி முழுக்க அங்கேதான்.
தூசி அடையும், ஹோட்டல்காரர் விரும்பமாட்டார்,
எடுத்துவிடுவோம் என்றாள்.
எடுத்தால் அது கூடு இல்லை, கூடை என்றேன்.
மூன்று நாள் அவள் போன் எடுக்கவில்லை.
நாலாம் நாள் படம் வந்தது:
உள்நாக்கு இருந்தது.
அதன் நுனியில் பல்ப்.
வால்பக்கம் புதிதாய் ஒரு வட்டம்,
வயர் போக.
இருபத்தெட்டு மில்லிமீற்றர்.

நாற்பது பின்னினோம் நானும் மச்சாள் சந்திரவதனியும்.
மாரி முந்திக்கொண்டது. சிம்பு ஈரம் குடித்தது.
அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்ததில்
சிலது அப்பத்தின் ஓரம்போலச் சிவந்தது.
பாதையில் ஏற்றி, குருமண்வெளியில் இறக்கி,
களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏற்றினேன்.
கண்டக்டர் இரண்டு சீற்றுக்குக் காசு கேட்டான்.
கொடுத்தேன்.

பன்னிரண்டு திரும்பி வந்தன.
ஒன்றைப்போல் ஒன்று இல்லையாம்.
மற்ற இருபத்தெட்டும் எப்படித் தப்பின என்பதுதான்
எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கறண்ட் இல்லாமல் தாவாரத்தில் தொங்கின பன்னிரண்டும்.
போன மாரிக் கூட்டின் கடனே தராத குலேந்திரன்
இன்னொரு கூடு கேட்டு வந்தான்.
மேலே கையைக் காட்டினேன்.
"ஓட்டை கிடக்கே?"
ஓட்டையோடதான். பாதி விலை.

எட்டு நாளில் வந்து நின்றான்.
"பொடியெல்லாம் வால்பக்கத்தால போகுது."
குறை சொல்கிறான் என்று நினைத்து
நானும் வாயைத் திறந்தேன்.
"விடியத் தூக்கினா
கையளவு செல்வனும் ஒட்டியும் மட்டும்தான்.
பொறுக்கி எறியிற வேலை இல்லை.
இன்னும் ரெண்டு தா."

இப்போது துறையில் அதற்குப் பெயர் லாம்புக்கூடு.
ருஸ்னாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.
எவ்வளவு நீள மீன் வெளியே போகுது,
எது உள்ளே நிற்குது, அளந்தீங்களா அக்கா?
முப்பத்திரண்டு வைத்துப் பார்ப்போமா?
அப்படித்தான் ஒரு விடியலில்
அடிமட்டத்தோடு வாவிக்குள் இறங்கினேன்,
முழங்கால் அளவு தண்ணீரில்,
துள்ளுகிற மீனிடம்
கொஞ்சம் நேராய் நில் என்று சொல்லிக்கொண்டு.

நேற்று அறுகம்குடாவிலிருந்து படம் அனுப்பினாள்.
மேசைகளுக்கு மேலே என் கூடுகள்.
வெள்ளை விரிப்பில் வரிநிழல்,
யாரோ ஒருவரின் தட்டில் மீன்.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மூன்றாவது கூட்டில், கணுவுக்குப் பக்கத்தில்,
ஒரு சிம்பு நாலு மில்லிமீற்றர் இருக்கும்.
ஒருவரும் காணவில்லை.
அதே கூட்டின் உள்நாக்கைத் தாண்டி
உள்ளே போயிருந்தது ஒரு விட்டில்.

வயரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டிருப்பேன்
என்றுதான் நினைக்கிறேன்.