நூல்

மார்ச் முதல் தேதி,
சோஃபியா ரயில் நிலையம்.
சீட்டு கொடுத்த பெண்
மீதிச் சில்லறையோடு
கையையும் நீட்டச் சொன்னாள்.
சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்,
மூன்று முடிச்சு.
வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.

யாருக்கும் யாரும் கட்டலாம் போல.
காவலர் கையில் ஒன்று.
பிச்சை கேட்டவர் கையில் ஏழெட்டு.
தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையின் காலில்,
நாயின் கழுத்துப்பட்டையில்,
ரயில் எஞ்சினின் கண்ணாடித் துடைப்பானில்கூட
யாரோ தொங்கவிட்ட குஞ்சம்.

எப்போது அவிழ்ப்பது என்று
பெட்டியில் கேட்டது என் தவறு.

செங்கால் நாரையைப் பார்த்ததும், என்றார்
ஊறுகாய்ச் சாடியை மடியில் வைத்திருந்த த்சோன்கா.
தகைவிலான் போதும், என்றார் அவர் கணவர்.
பூத்த மரம் எதுவானாலும் சரி, என்றாள்
ஜன்னலோரக் கல்லூரிப் பெண்.
பாதாம் மட்டும் கூடாது,
அது அவசரக்காரி,
பிப்ரவரி வெயிலுக்கே பல்லைக் காட்டும்.
நாரை பறந்தால் அந்த ஆண்டு பயணம்,
நின்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.
இதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.
ஆளுக்கொரு ஊறுகாய் வெள்ளரி கிடைத்தது.

ரூஸெயில் மூன்று வாரம்.
டான்யூப் ஆற்றில் ஒரு சிமெண்டு நிறம்.
ஊருக்கு வெளியே, பாறை குடைந்த கோயில்.
படிகள் ஏறி மூச்சு வாங்கி நின்றால்
கதவில் குளிர்காலப் பூட்டு.
இடுக்கில் கைபேசி வெளிச்சத்தை விட்டுப் பார்த்தேன்:
நீலத் துணியின் ஓரம்,
கீழே ஒரு பாதம்,
குதிகால் சற்றே உயர்ந்திருந்தது.
ஆள் யாரென்று தெரியவில்லை.
முழு ஓவியம் பார்த்திருந்தால்
அந்தக் குதிகாலை நான் பார்த்திருக்க மாட்டேன்
என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.
பாதி உண்மை. மீதி முழங்கால் வலி.

ராட்காவின் கடையில்
பழைய புத்தகம் எடைக்கு எடை.
தக்காளி நிறுக்கும் தராசு.
எழுத்துத் தெரியாத எனக்கு
எண்களால் ஆன ஒன்றைத் தேடிக் கொடுத்தாள்:
ஆற்றுக் கப்பல்களின் கால அட்டவணை, 1961.
துறைக்கு ஒரு மரச்செதுக்குப் படம்.
கயிறு வீசும் ஒருவன்,
முலாம்பழக் குவியல்,
கையசைக்கக் கையில்லாமல்
இரண்டு பெட்டி சுமந்த பெண்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரு பழைய முறுக்கு.
சிவப்பு வெளுத்து, வெள்ளை பழுத்து,
இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம்.
நாரையைப் பார்த்து அவிழ்த்து வைத்தார்களா,
கப்பலுக்கு நேரமாகி எழுந்து போனார்களா?

என் மொழியில், என்றேன்,
இதற்கும் அதற்கும் ஒரே சொல். நூல்.
ராட்கா இரண்டையும் சேர்த்தே
தராசில் வைத்தாள்.
முள் அசையவில்லை என்று
என்னிடம் காட்டினாள்.

திரும்பும் ரயிலில்
பெட்டியே ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கத்தியது.
அதோ! அதோ!
எனக்கு முன்னே பரிசோதகர்.
நான் சட்டைப்பையில் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது
உழுத வயல், மின்கம்பம், வயல்.

பறந்தது, என்றான் இராணுவச் சீருடைப் பையன்.
ஒற்றைக் காலில் நின்றது, என்றார் அவன் எதிரில் இருந்தவர்.
சண்டை போட்டபடியே
பற்களால் முடிச்சுகளை அவிழ்த்தார்கள்.

பரிசோதகர் குனிந்து
தன் மணிக்கட்டைக் காட்டினார். அழுக்கு நூல்.
"இருபத்தோரு வருஷ வேலை.
நாரை வரும்போதெல்லாம்
நான் யாருடையவோ சீட்டைப் பார்க்கிறேன்."
என் சீட்டில் ஓட்டை போட்டுவிட்டு
அடுத்த பெட்டிக்குப் போனார்.

இப்போது ஜூன்.
சாயம் இறங்கி என் சட்டைக் கைகளில் இளஞ்சிவப்பு.
பாத்திரம் கழுவும்போது முதலில் நனைவது அதுதான்.
கத்தரிக்கோல் மேசைமேல்தான் இருக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரு வரிசையை மட்டும்
யாரோ பென்சிலால் கோடிட்டிருக்கிறார்கள்.
துறையின் பெயரை
எழுத்துக் கூட்டிப் பாதி வாசித்துவிட்டேன்.
புறப்பாடு காலை 6.40.