அறுபத்து மூன்று சதவீதம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். பல்சக்கரம் வெட்டும் பட்டறை.
மாடிப்படிக்கு அடியில் பதினாலு வயசு சர்வர்.
பொத்தானை அமுக்கினால் விசிறிகள் விமானமாய் இரைந்து
பிறகு பீப் ஒலியில் அசை பிரிக்கிறது:
இரண்டு நெடில், ஒரு குறில்.

ரேமைக் கழற்றி அதன் தங்கப் பல்லைப்
பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.
வாய் மூடிக்கொண்டது.

புது லினக்ஸ் ஏற, பழைய பயாஸ் மாற வேண்டும்.
முப்பத்திரண்டு ஜிபி பென்டிரைவை
யாரோ என்பதுபோல் பார்த்தது.
எஸ்.பி. ரோடு இலியாஸ் கடையில்
தேடிப் பிடித்த இரண்டு ஜிபிக்குத்தான் கண் திறந்தது.

அறுபத்து மூன்றில் நின்றுவிட்டது.
ஒரு நிமிடம். நான்கு. ஒன்பது.
"கரெண்ட் போனா?" என்றார் முதலாளி புட்டசாமி.
"போனா செங்கல்தான் சார்."

அவர் உள்ளே போய் எல்லா லேத்தையும் நிறுத்தச் சொன்னார்.
எண்ணெய்க் கையோடு பதினோரு பேர்
என் முதுகுக்குப் பின்னால், மூச்சு விடாமல்.
யாரோ கன்னடத்தில் முணுமுணுத்தார்கள்.
அறுபத்து நான்கு.

எழுந்ததும் அது சொன்ன தேதி:
சனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்று, திங்கள்.
திருத்தினேன்.
நேர மண்டலப் பட்டியலில் பெங்களூரு இல்லை;
கல்கத்தா என்று கொடுத்தேன்.

லேத்துகள் மறுபடி ஓடத் தொடங்கின.
புட்டசாமி எல்லோருக்கும் காபி சொல்லிவிட்டார்.
திரையில் அடுத்த வரி:
வட்டு எதுவும் காணப்படவில்லை.

காபி வரட்டும், பிறகு சொல்கிறேன்.